நாலாம் கூண்டுக்குக் கொடுத்த தண்ணீர்

உன் கப் என் மடியில் இருக்கிறது. பழைய துண்டில் சுற்றி உங்கம்மாதான் கொடுத்து அனுப்பினார்கள். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில், கருவேப்பிலங்குறிச்சி பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். முதல் பஸ்ஸில் கூட்டம் என்று ஒரு சாக்கு கிடைத்தது. இரண்டாவது காலியாகவே வந்தது. சாக்கு ஒன்றும் தோன்றவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசில் ஊதிவிட்டார்.

துண்டைப் பிரித்து மறுபடி பார்க்கிறேன். சின்னக் கப். விளிம்புக்குக் கீழே நீ இழுத்த நீலக்கோடு. கோட்டுக்கு மேலே மிளகு அளவுக்கு ஒரு துருப்புள்ளி. மண்ணில் இரும்பு தங்கிவிட்டால் சூளையில் வேகும்போது இப்படிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நீதான் சொல்வாய். விற்க முடியாத சரக்கு என்று முதலாளி ஒதுக்கியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதுவதில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்தது பூராவும் கோணல் சரக்குதான்.

நீ போய் இருபது வருஷம் ஆகிறது. அப்போது பதினைந்து நாள் குழந்தையாக இருந்த உன் மகளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தப் பயணம். அவள் முன்னால் எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை. அதனால் பையில் இருந்த நோட்டை எடுத்து முதலில் உனக்கு எழுதிப் பார்க்கிறேன். நீ என் முகத்தைப் பார்க்க முடியாது என்பது ஒரு வசதி.

நான் இப்போது என்ன வேலை செய்கிறேன் தெரியுமா? எலி வளர்க்கிறேன். சிரிக்காதே. நான் விலங்கியல் படித்த காலத்தில் நீ என்னை "டாக்டரு" என்று கூப்பிடுவாய். யாராவது நிஜமென்று நம்பிவிட்டால் உடனே, "மனுசங்களுக்கு இல்லீங்க, கரப்பான்பூச்சிக்கு" என்று போட்டு உடைப்பாய். கரப்பானில் ஆரம்பித்து எலிக்கு வந்திருக்கிறேன், அவ்வளவுதான் முன்னேற்றம். பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எலி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். தீனி, தண்ணீர், கூண்டு சுத்தம், எடை எழுதுவது, ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது பக்கத்தில் நிற்பது, எல்லாம் நான்தான். எங்கள் மேடம் ஆராய்வது மூளையில் சிரை அடைத்துக்கொள்ளும் நோயை. அது தெரிந்துதான் அந்த வேலையில் சேர்ந்தேன். ஏன் சேர்ந்தேன் என்று பதினைந்து வருஷமாக மேடத்திடம் சொன்னதில்லை.

உனக்கு வந்தது அதுதான். அன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மூளைக்கு ரத்தம் கொண்டுவருகிற குழாய் வேறு, திரும்ப எடுத்துப்போகிற குழாய் வேறு. எடுத்துப்போகிறதுதான் சிரை. அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், உள்ளே வருகிறது வந்துகொண்டே இருக்கும், வெளியே போக வழி இருக்காது. வீட்டுச் சாக்கடை அடைத்தால் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு உள்ளே ஏறுமே, அதுமாதிரி என்றார். பெரிய சிரை ஒன்று மண்டை ஓட்டுக்கு அடியில் நெடுக ஓடுகிறது, நாம் வகிடு எடுக்கிற இடத்துக்கு நேர் கீழே.

"வகிடு பொளக்குதுடி" என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். பத்தியச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோம்.

அந்த அறை எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. கத்திரி வெயில். மேலே சிமெண்ட் ஷீட். இருந்த ஒரே ஜன்னலில் பழைய புடவையைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். உன் இரண்டு காதிலும் பஞ்சு. தலைக்குத் துண்டு. பச்சை உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி வந்துவிடும், தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும். இதெல்லாம் நம் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கிறதில்லை, எல்லாருக்கும் தெரிந்தே இருக்கும். காலையில் ஒரு கப் வெந்நீர், சாயங்காலம் ஒரு கப். அளவு கப் எது? நீ கொண்டுவந்து வைத்திருந்த இந்தக் கோணல் கப்தான். உன் கையால் கோடு இழுத்ததிலேயே உனக்கு அளந்தோம்.

இங்கேதான் நான் சொல்லவேண்டிய முதல் விஷயம் வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று உங்கம்மா என்னிடம் தனியாகக் கேட்டார்கள். "நர்சம்மா தண்ணி நல்லா குடுக்க சொல்லுது. நீ படிச்ச புள்ள. குடுக்கலாமா?" என்றார்கள். எனக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? படிக்கிறேன் படிக்கிறேன் என்று என்னை எல்லாரும் கிண்டல் பண்ணிய தெருவில், ஒருத்தர் என்னைப் பெரிய மனுஷியாக நிறுத்திக் கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எதுவும் தெரியாது என்பதுதான் உண்மை. கரப்பான்பூச்சியின் குடலைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் உங்கம்மாவுக்குப் பிடிக்கிற பதிலைச் சொன்னேன். அஞ்சு பிள்ளை பெத்தவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா, வழக்கப்படியே செய்யுங்க என்றேன். அவர்கள் முகம் தெளிந்தது. எனக்கு அன்றைக்கு மீன் குழம்பும் கிடைத்தது.

பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள். உங்கம்மா பிரசவ லேகியம் வாங்க பெண்ணாடம் போனார்கள். அங்கே உங்கள் சித்தி வீட்டில் நன்றாகக் கிண்டுவார்கள். என்னைத்தான் உன்னிடம் உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நீ காலையிலிருந்து இரண்டு தரம் வாந்தி எடுத்திருந்தாய். உதடு தோல் உரிந்து கிடந்தது. தண்ணீர்க் குடம் அறைக்கு வெளியேதான், எட்டு வைத்தால் எட்டிவிடலாம். உன்னால் அதைப் பார்க்க முடியாது, ஆனால் அங்கே இருக்கிறது என்று தெரியும். கேட்டாய்.

"ஒரு கப்புடி. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

முடியாது என்றேன். சாயங்காலம் உங்கம்மா வரட்டும் என்றேன். நீ மறுபடி கேட்டாய். நான் அதட்டினேன். ஜன்னி கண்டால் நீயா பதில் சொல்வாய் என்றேன். என்ன தோரணை பார், எனக்கு. மூன்றாவது தரம் நீ கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நானும் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ அழுதிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பேன். உடம்பில் தண்ணீர் இருந்தால்தானே அழுவாய் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த நாள் காலையில் உனக்கு வலிப்பு வந்தது. கூடியிருந்த பெண்கள் எல்லாம் ஒரே குரலாக ஜன்னி என்றார்கள். இந்தக் கொடுமையைக் கேள். அவர்கள் முதலில் தேடியது ஆட்டோவை அல்ல. திருட்டுத்தனமாக உனக்கு யார் தண்ணீர் கொடுத்தது என்று தேடினார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து நின்று, "நான் ஒரு சொட்டு குடுக்கல" என்றேன். நல்ல பிள்ளை என்று அவர்கள் தலையாட்டினார்கள்.

நான்கு நாள் கழித்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நீ கண் திறக்காமல் கிடந்தபோது, டாக்டர் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். யார் கொடுக்க வேண்டாம் என்றது என்று கோபமாகத்தான் கேட்டார். உங்கம்மா முன்னால் வந்து நான்தான் என்றார்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பக்கத்தில் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

அதனால்தான் இப்படி ஆனதா என்று உன் வீட்டுக்காரர் கேட்டார். டாக்டர் கொஞ்சம் இறங்கிவந்தார். பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தம் தானாகவே சீக்கிரம் உறைகிற குணத்துக்கு வந்துவிடும், சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் குணம் இருக்கும், தண்ணீர் குறைந்தால் இன்னும் கெட்டியாகலாம் என்றார். "அதனாலதான்னு சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார்.

அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் நான் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். ஒரு பக்கக் கதவைத் திறந்தால் கொலைகாரி. இன்னொரு பக்கக் கதவைத் திறந்தால் பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்கிற ஆள். எதையும் திறக்க முடிந்ததில்லை. நீ அடுத்த நாள் போய்விட்டாய்.

இரண்டாவது விஷயம் இதைவிட மோசம். நம் ஊர் முருகன் கோயிலில் பிராது கட்டுவார்களே. கோர்ட்டுக்குப் போக முடியாதவர்கள் சாமியிடம் வழக்குப் போடுவது. வெள்ளைத் தாளில், இன்னார் எனக்கு இன்ன தீங்கு செய்தார், விசாரித்துத் தண்டனை கொடுக்கவேண்டும் என்று எழுதி, சுருட்டி நூலால் கட்டிவிட்டு வருவது. உன் காரியம் முடிந்த கையோடு உன் வீட்டுக்காரர் பிராது கட்டவேண்டும் என்றார். அவருக்கு எழுத வராது. என்னிடம்தான் வந்தார். நான் படித்தவள் இல்லையா? அவர் அழுதுகொண்டே சொல்லச் சொல்ல எழுதினேன். 'என் மனைவி தண்ணீர் தண்ணீர் என்று கேட்டும் கொடுக்காமல் கொன்றவர்' என்று எழுதி, அதற்குக் கீழே உங்கம்மா பெயரைப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அந்த நிலைமையிலும் அவர் சொன்னார்.

நீ தண்ணீர் கேட்டது அவருக்கு எப்படித் தெரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் சொன்னேன். யாரிடம் கேட்டாய் என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

அந்தப் பிராதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. உன் மகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உங்கம்மாவை ஒருநாளும் பார்க்க விட்டதில்லை. உங்கம்மா இரண்டு மூன்று தரம் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஒதுங்கிப் போய்விட்டதாம். தன் அம்மாவைத் தண்ணீர் கொடுக்காமல் கொன்றவள் என்று சொல்லித்தானே வளர்த்தார்கள்.

சரி, எலிக்கு வருகிறேன்.

நாங்கள் என்ன செய்வோம் என்றால், எலிக்கு மயக்கம் கொடுத்து, மண்டை ஓட்டின் நடுவில் மெல்லிய கருவியால் சின்னதாக ஒரு திறப்புப் போடுவோம். அடியில் அந்தச் சிரை நீலமாகத் தெரியும். இரும்பு உப்புக் கரைசலில் நனைத்த காகிதத் துண்டை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்தால் உள்ளே ரத்தம் உறையும். காகிதத்தை எடுத்தபிறகு வெள்ளை எலும்பில் துருக்கறை ஒன்று தங்கும். உன் கப்பில் இருக்கிற புள்ளி மாதிரியே இருக்கும். பிறகு எலி எப்படி நடக்கிறது, மெல்லிய கட்டையின்மேல் தடுமாறாமல் போகிறதா, உறைந்த ரத்தக்கட்டி எவ்வளவு வளர்ந்தது, மருந்து கொடுத்தால் கரைகிறதா என்று பார்ப்போம். முயல், பன்றி வைத்தும் வெளியிடங்களில் பார்க்கிறார்களாம். ஒவ்வொரு பிராணியும் கேள்வியின் ஒரு ஓரத்துக்குத்தான் பதில் சொல்லும் என்பார் மேடம். எலிக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு வழியை அடைத்தாலும் ரத்தம் வேறு சின்னச் சின்ன வழிகளில் புகுந்து வெளியே போய்விடும். பல எலிகள் ஒன்றுமே நடக்காதது மாதிரி எழுந்து தீனி தின்னும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன்மேல் கோபம் வரும். உனக்கு மட்டும் ஏன்டி ஒரு சந்துகூட இல்லாமல் போயிற்று.

மூன்று மாதத்துக்கு முன்னால் மேடம் புது வேலை ஒன்றை எடுத்தார். குட்டி போட்ட தாய் எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரிப்பது. ஒரு கூட்டத்துக்கு வேண்டிய மட்டும் தண்ணீர். இன்னொன்றுக்கு அளந்து, காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். பிறகு இரண்டு கூட்டத்துக்கும் காகிதம் வைத்து, எதில் கட்டி பெரிதாகிறது என்று பார்ப்பது. பிராணிகளை வைத்துச் சோதனை செய்வதற்கான குழு அனுமதி எல்லாம் முறையாக வாங்கியிருந்தார். நம் பக்கத்துப் பெண்களுக்கு இது பிரசவத்துக்குப் பிறகு வருவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று எங்களுக்கு விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

ஓடிப்போயிருக்கலாம். லீவு போட்டிருக்கலாம். செய்யவில்லை. பதில் தெரியவேண்டும் என்று இருந்தது. டாக்டர் திறக்காமல் விட்ட இரண்டு கதவில் ஒன்றையாவது இந்த எலிகள் திறந்துவிடும் என்று நினைத்தேன்.

அளந்து கொடுக்கிற கூட்டத்தில் நாலாம் கூண்டு. மற்ற எலிகள் பாட்டிலைக் கழற்றினால் கொஞ்ச நேரம் தேடிவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். இது மட்டும் குட்டிகளை விட்டுவிட்டு வந்து, பாட்டில் மூக்கு நீட்டிக்கொண்டிருந்த கம்பி இடைவெளியை நக்கிக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் நக்குவதை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். என் கை தானாகப் போய்ப் பாட்டிலை மாட்டியது. அது குடித்தது பார், டிக் டிக் என்று அந்தக் குழாயில் இருக்கிற குண்டு ஆடுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு தினமும் மற்றவர்கள் சாப்பிடப் போகும்போது நாலாம் கூண்டுக்கு மட்டும் பாட்டில் மாட்டினேன். ஏட்டில் அளவுத் தண்ணீர் என்றே எழுதினேன்.

காகிதம் வைத்தபிறகு நாலாம் கூண்டு எலி கட்டையின்மேல் ராணி மாதிரி நடந்தது. மேடத்துக்கு ஆச்சரியம். தண்ணீரைக் குறைத்தும் இதற்கு ஒன்றும் ஆகவில்லையே, நாம் நினைத்த அளவுக்குத் தண்ணீருக்குச் சம்பந்தம் இல்லையோ என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்கக் கூடாது. மனசு அப்படியே பஞ்சாகிவிட்டது. கேன்டீனில் போய் டீ குடித்தேன், கூட ஒரு பஜ்ஜியும் தின்றேன். என் மேல் தப்பில்லை என்று ஒரு ஏடு சொல்லப்போகிறது, மேடம் கையெழுத்தோடு. பாதி பஜ்ஜி கையில் இருக்கும்போதுதான் நான் செய்கிற காரியம் எனக்கே புரிந்தது. அந்த ஏட்டைப் பொய்யாக எழுதினவள் நான். அன்றைக்கு எழுதின பிராது மாதிரியே அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு உங்கம்மாவைக் குற்றவாளி ஆக்கினேன், இன்றைக்குத் தண்ணீரையே நிரபராதி ஆக்கப் பார்க்கிறேன். இதை நம்பி எவனாவது நாளைக்கு ஒரு பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஒரு பெரிய விஷயமே இல்லை என்று சொன்னால்?

அப்படியும் எட்டு நாள் சொல்லவில்லை. என் யோக்கியதை அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் மேடம் அறைக்குப் போய், நாலாம் கூண்டுக்கு நான் தண்ணீர் கொடுத்தேன் என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு ஏன் என்று மட்டும் கேட்டார். உன்னைப் பற்றி அவரிடம் முதல்முறையாகச் சொன்னேன். கப், குடம், சுவர் எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டார். அப்புறம், இந்த எலியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு வேறு ஒரு தாய் எலியை முதலிலிருந்து வைக்கவேண்டும் என்றார். "நீங்க இரக்கப்பட்டதுக்கு இன்னொண்ணு தாகத்துல இருக்கணும். அத நீங்க யோசிக்கல" என்றார். குரலை உயர்த்தவில்லை, அதனால்தான் சுருக்கென்று இருந்தது. வேறு யாரையாவது அந்த வேலைக்குப் போடட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். வேறு ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டு நான் நல்லவளாக நிற்பது இந்தத் தடவையும் வேண்டாம் என்று இருந்தது.

அவரிடம் ஒன்று கேட்டேன். இந்த வேலை முடிந்தால் அவளுக்கு எதனால் ஆனது என்று தெரிந்துவிடுமா மேடம் என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். எலி சொல்வது எலிகளைப் பற்றித்தான், இனிமேல் வரப்போகிற பெண்களுக்கு அது ஒரு துப்புக் கொடுக்கலாம், உங்கள் சிநேகிதிக்கு என்ன நடந்தது என்று எந்த எலியாலும் சொல்ல முடியாது என்றார். பதினைந்து வருஷம் எத்தனை எலி மண்டையைப் பார்த்திருப்பேன். என் தீர்ப்பு அதற்குள் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே எதுவும் இல்லையாம்.

ஏட்டைத் திறந்து, பொய்யாக எழுதின வரிகளைக் கோடு போட்டு அடித்து, நாலாம் கூண்டுக்குத் தண்ணீர் கொடுத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேற்று மத்தியானம் ரயில் ஏறி ஊருக்கு வந்தேன். ராத்திரி எங்கள் வீட்டில் படுத்துவிட்டு, இன்று காலையில் உங்கம்மா முன்னால் போய் நின்றேன்.

அந்தச் சிமெண்ட் ஷீட் வீடு அப்படியே இருக்கிறது. உங்கம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ரொம்ப இளைத்துவிட்டார்கள். வெயில்ல வந்திருக்க என்று ஒரு செம்புத் தண்ணீரை என் முன்னால் வைத்தார்கள். நான் அதைத் தொடவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டதையும் நான் அதட்டியதையும் சொன்னபோது கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்கள். பிராதை எழுதினது நான் என்றபோது கை நின்றது.

"அத நீயா எழுதின?"

ஆமாம்மா என்றேன். அப்படி ஒரு பார்வை பார்த்தார்கள். எழுந்து உள்ளே போய்விட்டார்கள். நான் திண்டாடிப்போய் உட்கார்ந்திருந்தேன். போகவும் முடியவில்லை, உள்ளே எட்டிப்பார்க்கவும் முடியவில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்து, பழையபடி கீரை முன்னால் உட்கார்ந்தார்கள்.

"அன்னிக்கு நான் மஞ்சப்பைய வுட்டுட்டேன்னு பாதி வழியில திரும்பி வந்தேன். கதவு வரைக்கும் வந்துட்டேன். அவ ஒரு கப்புடின்னு கேக்கறா. நீ முடியாதுங்கற. உள்ள வந்து குடுத்துடலாமான்னு இருந்துச்சு. அப்புறம் படிச்ச புள்ளயே வேணாங்குது, அது கெட்டதா சொல்லும்னு, பையகூட எடுக்காம போயிட்டேன்."

நான் அவர்களை நம்பினேன், அவர்கள் என்னை நம்பினார்கள். நடுவில் நீ தாகத்தோடு படுத்திருந்தாய். ஒரே ஒரு கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு உன்னை இரண்டு பேரும் விட்டுவிட்டோம்டி. டாக்டர் கேட்டபோது உங்கம்மா ஏன் என் பக்கம் திரும்பவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் நான்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அதற்குச் செய்த கைம்மாறு, ஒரு வெள்ளைத் தாளில் அவர்கள் பெயரை மட்டும் எழுதியது.

மன்னிப்பெல்லாம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை. உன் மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்களாம். அவளுக்கும் ஒருநாள் பிள்ளை பிறக்கும் என்றார்கள். அதற்கு முன்னால் அவளுக்குத் தெரியவேண்டும் என்றார்கள். உள்ளே பரணிலிருந்து இந்தக் கப்பை எடுத்துத் துடைத்துத் துண்டில் சுற்றி என் கையில் வைத்தார்கள்.

"போயி சொல்லு. கெழவி மட்டும் இல்லன்னு சொல்லு. கெழவி இல்லவே இல்லன்னும் சொல்லிடாத."

கிளம்பும்போது கூப்பிட்டு, செம்புத் தண்ணி அப்படியே கெடக்குது பாரு, குடிச்சிட்டுப் போ என்றார்கள். நின்றபடியே முழுச் செம்பையும் குடித்தேன். அவர்கள் கீரையைப் பார்த்துக்கொண்டே, காலி ஆகிறவரைக்கும் காத்திருந்தார்கள்.

மூன்றாவது பஸ் வந்துவிட்டது. அதே கண்டக்டர். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நோட்டை மூடவேண்டும். உன் மகள் கதவைத் திறப்பாளோ, முகத்தில் அடித்த மாதிரிச் சாத்துவாளோ, எனக்குத் தெரியாது. யாரம்மா நீங்க என்று கேட்டால் பெயர், ஊர், வேலை எதையும் சொல்லப்போவதில்லை. கப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, உங்கம்மா கடைசியாத் தண்ணி கேட்டது என்கிட்டதான், நான் குடுக்கல என்றுதான் ஆரம்பிக்கப்போகிறேன்.